பழுகாமத்தில் ஒரு வளைதண்டு

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வீதியில் தெற்கே சென்று, களுவாஞ்சிகுடியில் மேற்கே திரும்பிப் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தால் படுவான்கரை. போரதீவுப்பற்றிலுள்ள பழுகாமம் அக்கரையின் பழம்பதிகளுள் ஒன்று. திரௌபதை அம்மன் கோயிலால் பெயர்பெற்றது. நாம் சென்றதோ கோயிலுக்கன்று, பழைய மாணாக்கர் ஒருவரின் இல்லத்துக்கு.

ஐப்பசி பிறந்து சில நாட்களாகியிருந்தன. பெரும்போக விதைப்புக்காக ஊரே வயலில் நிற்க, அவர் வீட்டு முற்றத்தில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் பிரித்துப் போடப்பட்டுக் கிடந்தது. சாக்கின்மேல் அதன் வளைதண்டு. பட்டறைகளில் இதனைக் 'கிராங்' என்பர். அடைமழை பிடித்துவிட்டால் பள்ளக்காணியை உழ முடியாது. மாணாக்கரின் தந்தையார் நம்மோடு பேசிக்கொண்டே அடிக்கடி வானத்தைப் பார்த்தார்.

வளைதண்டின் தொழிலை அறிய வீட்டுத் தையல் இயந்திரமே போதும். கால்மிதி மேலும் கீழும் அசைகிறது, சக்கரமோ சுழல்கிறது. மிதியிலிருந்து வரும் கம்பி அச்சின் நடுவிலன்றி, விலகி வளைந்த பகுதியிற் பூட்டப்பட்டிருப்பதே காரணம். எஞ்சினில் எரியும் வாயு பிஸ்டனைத் தள்ள, இணைப்புத்தண்டு அவ்வளைவைத் தள்ளுகிறது. நான்கு அசைவு கொண்ட எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே இத்தள்ளல் உண்டு. எஞ்சிய மூன்று அசைவுக்கும் கனத்த பறப்புச்சில்லின் வேகமே துணை. தையற்காரர் தொடக்கத்திற் சக்கரத்தைக் கையால் உந்திவிடுவது போன்றதே லாண்ட்மாஸ்டரைக் கைபிடியாற் சுற்றி இயக்குவதும்.

நிமிடத்துக்கு 2000 சுற்றெனின் 1000 அடிகள்! அவற்றைத் தாங்கவே, உருக்குத் துண்டை ஏறத்தாழ 1200 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி, அச்சுக்களிடையே அடித்து வளைக்கிறார்கள். கலப்பைக்கு நம் முன்னோர் இயல்பாகவே வளைந்த மரத்தைத் தேடியதன் சூட்சுமம் இதிலும் உண்டு: நார் வளைவோடு ஓடினால் முறியாது. புனேயில் 1961இல் தோன்றிய பாரத் ஃபோர்ஜ் இத்தொழிலிற் புகழ்பெற்றது. வார்ப்பிரும்பில் வார்ப்பதும் உண்டு. பின்னர் கடைந்து, எண்ணெய்த் துளையிட்டு, மேற்பரப்பை வன்மையாக்கி, மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்கு வரை அளவு பார்த்துத் தீட்டுவர்.

எல்லாம் சரி, இது ஏன் பழுதாயிற்று? அயல்வீட்டு மெக்கானிக் தண்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, வெண்கட்டித் தூளைத் தூவினார். சற்றுநேரத்தில் வளைவின் மூலையில் மயிரிழைபோல் ஈரக்கோடொன்று தோன்றியது. வெடிப்புக்குள் ஒளிந்திருந்த எண்ணெய் தூளில் ஊறியிருந்தது.

சென்ற ஆண்டு தேய்மானத்துக்காக நகரத்துப் பட்டறையொன்றில் கால் மில்லிமீற்றர் தீட்டியிருந்தார்கள். அது தவறன்று, அதற்கேற்ற தடித்த பெயாரிங் கிடைக்கும். ஆனால் மூலையில் இருக்கவேண்டிய சிறு உருட்டலை விடாமல் தீட்டிவிட்டார்கள்.

"கூரா வெட்டிப்போட்டாங்க, சேர். அதுதான் வெடிச்சிருக்கு" என்றார் அவர். பாடநூல்கள் பிஸ்டனைப் பக்கம் பக்கமாகப் புகழ்கின்றன. இம்மூலையை நாமும் வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை.

"ஒட்டேலாதா, மகன்?" என்றார் தந்தையார்.

"ஒட்டினா கோணும், ஐயா. ஓடேக்க முறிஞ்சா எஞ்சினையும் உடைச்சிப்போடும்."

மறுநாள் முதற் பேருந்தில், அளவு பார்க்கப் பழைய தண்டைச் சாக்கிற் சுற்றிக்கொண்டு மாணாக்கர் கல்முனைக்குப் புறப்பட்டார். நாமும் உடன் ஏறினோம். பாலத்தைக் கடக்கையில் மேற்கே முகில் கறுத்திருந்தது. மூன்றாம் நாள் மாலை தொலைபேசி ஒலித்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. கருவியை எஞ்சினருகே பிடித்திருந்தார். தடதடவென்ற ஓசை மட்டும் கேட்டது.