இருளினுள் ஒரு குரல்

இருள் என்றால் ஒன்றுமில்லாமை என்று கருதுவது மக்கள் வழக்கம். வானநூலோ அதனை மறுக்கின்றது. அவ்வுண்மை எனக்குப் புலனான வகையை நம் கல்லூரி நண்பர்களுக்கு ஈண்டுச் சுருங்க உரைக்க விழைகின்றேன்.

மேடவாக்கத்தில் எம் இல்லத்து மாடியினின்று நோக்கினால், தெருவிளக்குகளின் ஒளியையும் மீறி, தை மாத முன்னிரவில் திருவாதிரை மீன் செந்நிறமாய்த் தோன்றும். அதனருகே மூன்று மீன்கள் வரிசையாய் நிற்கும். அவற்றிற்குத் தென்பால், சிறு தொலைநோக்கியில் புகைபோல் காண்பது ஒரியன் நெபுலா. ஏறக்குறைய 1,350 ஒளியாண்டுத் தொலைவிலுள்ளது. அதன் பின்னுள்ள அடர்ந்த தூசுமுகிலைக் கண்ணொளி ஊடுருவாது. ஆயினும் அத்திசையினின்றே 1971 ஆம் ஆண்டில் மெத்தனால் மேசர் முதன்முதல் அறியப்பட்டது.

மேசர் என்பது யாது? முகிலிலுள்ள குளிர்ந்த தூசுத் துகள்கள்மீது பனி படிகின்றது. அப்பனியில் கார்பன் மோனாக்சைடுடன் ஹைடிரஜன் அணுக்கள் ஒவ்வொன்றாய்ச் சேர, மெத்தனால் உண்டாகின்றது. உள்ளே பெருவிண்மீன் ஒன்று உருவாகிச் சூடேறுங்கால், பனி ஆவியாகி மெத்தனால் வாயுவாய் வெளிப்படும். வெப்பமுற்ற தூசு வீசும் அகச்சிவப்புக் கதிர் அம்மூலக்கூறுகளில் ஆற்றலை நிரப்பும். அவ்வழிச் செல்லும் மெல்லிய ரேடியோ அலை அவ்வாற்றலைக் கவர்ந்து பன்மடங்கு பெருகி, தூசையும் கடந்து நம்மை எய்தும். 1991 இல் கார்ல் மென்டன் கண்ட 6.7 கிகாஹெர்ட்ஸ் மேசர் இவ்வகையினது. பெருவிண்மீன் பிறக்குமிடத்தை அது சுட்டுகின்றது. பின்னாளில் தூசு வரைபடங்களோடு ஒப்பிட்டபோது, இவ்வகை மேசர்கள் ஏறத்தாழ அனைத்தும் அடர்ந்த தூசுத் திரள்களினுள்ளேயே இருக்கக் கண்டனர்.

இக்கல்வியால் வயிறு நிரம்புமோ என்று உறவினர் பலர் வினவினர். பௌதிகத்தை விட்டு வேறு துறை நாடலாமோ என்று யானும் மயங்கியிருந்தேன். அக்காலத்தில் ஒரு மாலை, முதுமையில் கண்பார்வை இழந்த எம் பாட்டனாருக்கு மேசரைப் பற்றி விளக்கினேன். பொறுமையுடன் கேட்ட அவர், "தம்பி, படியேறி வருகிறவன் நீயா உன் அண்ணனா என்று நான் எதனால் அறிகிறேன்? காலடி ஓசையால் அல்லவா? உன் விண்மீனும் இருட்டில் நடந்து வருகிறது. காதுகொடுத்துக் கேட்கத்தான் ஆள் வேண்டும்," என்றார். அதன்பின் யான் துறை மாற எண்ணவில்லை.

கேட்க ஆள் உண்டு. போர்ட்டோ ரீக்கோவில் 305 மீட்டர் அகலமுள்ள அரசீபோ தொலைநோக்கியைக் கொண்டு ஜகதீப் பாண்டியன் முதலியோர் ஆராய்ந்து, 2007 இல் 86 மேசர்களைப் பட்டியலிட்டனர். அவற்றுள் 48 புதியவை. அவர் பின்னர்த் திருவனந்தபுரத்து இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியரானார். அரசீபோ 2020 டிசம்பர் முதல் நாள் இடிந்து வீழ்ந்தது. எனினும் அது கேட்டுக் குறித்து வைத்தவை பிறருக்கு வழிகாட்டி நிற்கின்றன.

கருவி அழியினும் கற்றது அழியாது. ஆகவே இளைய மாணவர்காள்! பயன் யாது என்று பிறர் வினவுங்கால் தளர வேண்டா. கண்ணுக்குப் புலப்படாத இருளிலும் ஒன்று பிறந்துகொண்டிருக்கலாம் என்னும் நம்பிக்கையோடு, பொறுத்திருந்து கேட்கப் பழகுமின்.