கணக்கில் வராத மகன்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, காயல்பட்டினம் நகராட்சியின் 18 வார்டுகளுள் ஒன்றின் சில தெருக்கள் நம் பொறுப்பில் விடப்பட்டன. பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடுவீடாக ஏறி இறங்கினோம். விடை பகர்ந்தோர் பெரும்பாலும் பெண்மணிகளே. அவ்வூரில் வீடு மகளுக்கு உரியது. மணம் முடித்த மருமகன் அங்கு வந்து வாழ்வது வழக்கம். எனவே பாட்டி, தாய், மகள் என மூன்று தலைமுறையினரை ஒரே கூரையின்கீழ்க் கண்டோம். பெண்கள் மட்டுமே நடமாடும் முடுக்குகளும் உண்டு. அவற்றைத் தவிர்த்துத் தெருவைச் சுற்றி நடந்து நம் கால்கள் கடுத்தது தனிக்கதை.

ஆடவர் பலர் சென்னையிலும் ஹாங்காங்கிலும் வளைகுடா நாடுகளிலும் இருந்தனர். அந்த இருபது நாளும் ஊரில் இல்லாதவரைச் சேர்க்கலாகாது என்பது விதி. மூதாட்டி ஒருவர் நாம் எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

“என் மவன ஏன் வாப்பா எழுதலே? அவன் துபாய்லேர்ந்து அனுப்புற காசுலதானே இந்த வீடே நடக்குது!”

விதியை விளக்கினோம். அவர் குடும்ப அட்டையை எடுத்து வந்து மகன் பெயரை விரலால் தொட்டுக் காட்டினார். வார்டுகளின் எல்லை பின்னர் அந்தக் கணக்கைக் கொண்டே வரையறுக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் தேர்தலும் நடந்தது. அன்றோ, அவர் மனம் நோகாதிருக்கப் படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் அப்பெயரை எழுதினோம். கணினி வருடும் படிவமாதலால், ஒப்படைக்கும் முன் அதனை அழித்துவிட்டோம்.