தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு கோடி

செப்டம்பர் 15, 2025, திங்கள்

வருமான வரிக் கணக்குக் கொடுக்கக் கடைசி நாள். வழக்கம்போல இன்றுதான் உட்கார்ந்தேன். ஆடிட்டர் 44ஏடிஏ பிரிவில் போட்டுக்கொடுக்கிறார். வந்த பணத்தில் பாதியை லாபம் என்று வைத்துக்கொள்வார்கள். செலவுக்கு ரசீது காட்ட வேண்டாம். நல்ல ஏற்பாடு. வராத பணத்துக்கு ஒரு பிரிவு இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

வராததில் பெரியது அம்பத்தூர் எஸ்டேட் பட்டறையின் 25,000. ஜூலை 10-ஆம் தேதி கொடுத்த பில். அட்வான்ஸ் 15,000 வாங்கியதோடு சரி. பட்டறைக்காரர் நல்ல மனிதர் என்பதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் கோபமாவது பட்டிருக்கலாம்.

மதியம் கீழ் வீட்டு அக்கா குழந்தையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். "நீ வீட்லதானம்மா இருக்க." பதினோரு வருஷமாக இந்த மாடி அறையில் வெப்சைட் செய்கிறேன். திருமுல்லைவாயலில் எங்கள் தெருவைப் பொறுத்தவரை எனக்கு வேலை கிடைக்கவில்லை.

செப்டம்பர் 17, புதன்

பட்டறைக்கு நேரில் போனேன். எஸ்டேட் 1964-இல் வந்தது. பட்டறைக்காரருடைய அப்பா எண்பதுகளில் ஒரே ஒரு லேத்தோடு ஷெட் பிடித்தாராம். இப்போது மூன்று லேத், ஒரு சிஎன்சி, ஏழு ஆட்கள். உள்ளே நுழைந்தால் கூலன்ட் எண்ணெய் வாசனை. என் அப்பா ஆவடி டேங்க் ஃபேக்டரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவாரே, அதே வாசனை. சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கோடு இன்னும் அழியவில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் நின்ற மட்டம்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. எனக்கே மூணு மாசமா நிக்குது" என்று அவருடைய பெரிய கம்பெனிக் கணக்கைக் காட்டினார். நான் சட்டம் பேசினேன். சிறு, குறு தொழில்காரர்களிடம் சரக்கோ சேவையோ வாங்கினால், ஒப்பந்தம் என்ன சொன்னாலும், 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் வட்டியைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. போதாதென்று வருமான வரியிலும் இப்போது ஒரு பிடி வைத்திருக்கிறார்கள்: கெடுவுக்குள் கொடுக்காத பில்லை, கொடுக்கிற வருஷம் வரை செலவுக்கணக்கில் காட்ட முடியாது. புகார் கொடுக்கத் தனித் தளமே இருக்கிறது. அதன் பெயர் 'சமாதான்'. இந்தியில் தீர்வு என்று அர்த்தமாம். தமிழ்க் காதுக்கு 'சண்டை வேண்டாம், விட்டுவிடு' என்றுதான் கேட்கிறது.

பட்டறைக்காரர் சிரித்தார். "புகார் குடுத்தா வட்டி வரும் மேடம். அடுத்த ஆர்டர் வராது."

திரும்பும்போது டன்லப் ஸ்டாப்பில் நின்றபடி யோசித்தேன். என்னிடமும் உத்யம் என்னும் சிறுதொழில் பதிவு இருக்கிறது. அதே சட்டம் எனக்கும் பொருந்தும். அவர் மேல் நான் புகார் கொடுப்பேனா?

செப்டம்பர் 22, திங்கள்

இன்று முதல் ஜிஎஸ்டி குறைப்பு. காலை எட்டு மணிக்கே ஆவடி பர்னிச்சர் கடைக்காரரின் போன்: "ஜிஎஸ்டிதான் குறைஞ்சிடுச்சே, ரேட்டைக் கொஞ்சம் பாத்துப் போடுங்க." என் வருஷ வரவு இருபது லட்சத்தை எட்ட இன்னும் இரண்டு பிறவி ஆகும், நான் ஜிஎஸ்டியே வாங்குவதில்லை. இல்லாததைக் குறைக்க முடியாது என்று விளக்கினேன். "அப்ப இவ்ளோ நாளா சேர்த்து வாங்கினீங்களா?" என்றார்.

செப்டம்பர் 24, புதன்

பட்டறையின் தமிழ்ப் பக்கம் உயிரை வாங்குகிறது. அதுவும் அவரே ஆசைப்பட்டுக் கேட்டது. "இங்கிலீஷ்ல பெரிய கம்பெனி பாக்கும். தமிழ்ல நம்ம ஆளுங்க பாப்பாங்க" என்றார். சரியான பேச்சு.

ஆனால் விஷயம் இருப்பது டிடிபி கடையில் அடித்த பழைய நோட்டீஸில். கோப்பை வாங்கித் திறந்தால் ஒரு வரிகூடத் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகச் சிதறிக் கிடக்கிறது. பழைய எழுத்துருக்களின் கதை அது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்தார்கள். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழ். இல்லாத கணினியில் குப்பை. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-இல். பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. அச்சுக் கடைகளில் இன்னும் பழைய எழுத்துருதான் ஓடுகிறது. அவர்களைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. பழகிய விரல், தட்டினால் காகிதத்தில் சரியாக விழுகிறது. காகிதத்துக்கு வேறென்ன தெரிய வேண்டும்?

பட்டறைக்காரர் சுலபமான வழி சொன்னார்: "நோட்டீஸை அப்படியே போட்டோ புடிச்சுப் போட்டுடுங்க மேடம்." சென்னையின் பாதிக் கடைகளுடைய தமிழ்ப் பக்கம் அப்படித்தான் இருக்கிறது. எழுத்தைப் படமாக்கி ஒட்டிவிடுவார்கள். கூகுளில் 'அம்பத்தூரில் நைலான் புஷ் கடைசல்' என்று தேடினால் அது கண்ணில் படாது. போனில் பெரிதாக்கினால் கலங்கும். மாட்டேன் என்றேன். அவர் மைத்துனர் மகன் ஏஐயில் பத்து நிமிஷத்தில் ஒரு பக்கம் செய்து காட்டியிருக்கிறானாம். பார்த்தேன். அழகாக இருந்தது. பளபளக்கும் ரோபோ கை, வெள்ளைக்காரப் பொறியாளர், 'துல்லியமே எங்கள் மூச்சு'. அந்த ஷெட்டில் ரோபோ எங்கே இருக்கிறது? எந்த மெஷினில் எவ்வளவு விட்டம் வரை கடையலாம் என்பதை ஏஐ கேட்கவில்லை, நான் கேட்டேன். இந்த வேலையில் எனக்குப் பெருமை என்று இருப்பது அந்தக் கேள்விதான், மற்றபடி நிறம் தேர்வதெல்லாம் யாரும் செய்வார்கள்.

இரவு முழுக்க நோட்டீஸைப் பார்த்து நானே தட்டினேன். எழுத்துருவுக்குக் 'காட்டமரான்' போட்டேன். பிரியா ரவிச்சந்திரன் வரைந்தது, இலவசம். பெயரே நம் கட்டுமரத்திலிருந்து போனது. வரி இடைவெளியை ஆங்கிலப் பக்கத்தைவிடக் கூட்டினேன். தமிழுக்கு மேலே புள்ளியும் விலங்கும், கீழே சுழியும் வாலும். மூச்சுவிட இடம் வேண்டும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

பூந்தமல்லி நண்பரைப் பார்க்கப் போனேன். பஸ்ஸில் பருத்திப்பட்டு ஏரிக்கரை தாண்டும்வரை உட்கார இடம் கிடைக்கவில்லை. நண்பர் அங்குள்ள அரசுப் பார்வையற்றோர் பள்ளியில் படித்தவர், இப்போது வங்கியில் இருக்கிறார். வாசலிலேயே வெள்ளைக் கோலைக் காட்டிப் புலம்பினார். நுனிக் குமிழ் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிட்டது. மெட்ரோ தூண் வேலைக்காகக் கொத்திப்போட்ட சாலையில் மாதத்துக்கு ஒன்று தேய்கிறதாம். பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதே பாடு என்றார்.

அவர் கணினியில் இருப்பது என்விடிஏ. திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் மென்பொருள். 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியவர் மைக்கேல் கரன், கூடச் சேர்ந்தவர் ஜேம்ஸ் டே, இருவரும் பார்வையற்றவர்கள். காசில்லாமல் கொடுக்கிறார்கள். தமிழும் படிக்கும், கொஞ்சம் தகர டப்பாக் குரலில்.

முதலில், வேறொரு கடையின் நோட்டீஸ்-படப் பக்கத்தைத் திறந்தோம். "கிராபிக். கிராபிக். லிங்க். கிராபிக்." முடிந்தது. நண்பர் கையை விரித்தார். "கடை தெறந்திருக்கு, ஷட்டர் மூடியிருக்கு."

பிறகு என் பக்கம். "எங்களிடம் மூன்று கடைசல் இயந்திரங்கள்" என்று குரல் வந்ததும் எனக்குச் சிரிப்பு. 'கொ' என்று நாம் பார்ப்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது. யூனிகோடில் மெய்க்குப் பின் உயிர்க்குறி, ஒலிக்கிற வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் இயந்திரத்தாலும் வாய்விட்டுப் படிக்க முடிகிறது. பதினோரு வருஷமாகத் தெரிந்த விஷயம். காதால் கேட்டது இன்றுதான்.

பெருமை நீடிக்கவில்லை. தொலைபேசி எண் வந்தது. நான் பத்து இலக்கத்தையும் ஒட்டிப் போட்டிருந்தேன். "தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு கோடியே…" என்று தொடங்கி, லட்சம், ஆயிரம் என்று இறங்கிக்கொண்டே போனது. நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒங்க பாக்கித் தொகையா?" என்றார். எண்களுக்கு நடுவே இடைவெளி விட்டேன். பிறகு ஒழுங்காகப் படித்தது. படங்களுக்கு விளக்கம் எழுதவும் விட்டிருந்தேன். அவர் சொல்லச் சொல்ல அங்கேயே எழுதினேன். 'லேத் படம்' என்று நான் எழுதியதை அவர் ஏற்கவில்லை. "அதுல என்ன ஓடுது, எவ்ளோ பெருசு, அதைச் சொல்லுங்க." திருப்பி எழுதினேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பட்டறையில் கூப்பிட்டிருந்தார்கள். லேத்துக்கெல்லாம் சந்தனம், குங்குமம், கதம்பம். வாசலில் பூசணிக்காய் உடைத்து ரோடு முழுக்கச் சிவப்பு. பூஜை முடிந்து தளத்தைத் திறந்துவைத்தோம். அப்பாவையும் கூட்டிப்போயிருந்தேன். அவர் தளத்தைப் பார்க்கவில்லை. சிஎன்சி பக்கமாகப் போய், கடைந்து வைத்த புஷ் ஒன்றை எடுத்து விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "மைக்ரான்ல நிக்குது" என்றார், யாரிடமோ.

பொரி, சுண்டல், ஆயிரம் ரூபாய்க் கவர். பில் பேச்சு இல்லை. பூஜை நாளில் கேட்கவும் முடியாது. வீட்டுக்கு வந்து லேப்டாப்புக்குப் பொட்டு வைத்தேன். விசைப்பலகைக்குள் குங்குமம் கொட்டி, 'ழ' விசை சிக்கிக்கொண்டது.

அக்டோபர் 6, திங்கள்

காலை பத்தரைக்குப் பட்டறைக்காரர் போன். குரலில் அவ்வளவு உற்சாகம். "மேடம், வெப்சைட் வழியா மொத என்கொயரி! பூந்தமல்லியிலேருந்து ஒருத்தர். ஏதோ கோலுக்கு நுனியில போடற நைலான் குமிழாம், இருநூறு வேணுமாம். சாம்பிள் எடுத்துட்டு நாளைக்கு வரேன்னார். அளவெல்லாம் வாயாலயே டக்கு டக்குன்னு சொல்றாரு, நம்ம தொழில்காரர் மாதிரி. நம்ம மெஷின் விவரமெல்லாம் மனப்பாடமா வெச்சிருக்காரு!"

யாரென்று எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. ரேட்டை மட்டும் பார்த்துப் போடச் சொன்னேன்.

"அதெல்லாம் பாத்துக்கலாம் மேடம். அவர் பணம் எப்ப குடுப்பாருன்னுதான் தெரியல" என்றார்.