மேற்குப் பார்த்த லைன் வீடு

எங்கள் வீட்டுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே ஒரு முதல் பட்டதாரி சான்றிதழை நான் வாங்கிவிட்டேன். 2022-ல் தாலுகா ஆபீஸுக்கும் இ-சேவை மையத்துக்கும் நாலு தடவை அலைந்து வாங்கியது. குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டப்படிப்புக்குப் போகிறவருக்குக் கட்டணத்தில் சலுகை உண்டு. நம் கிளாஸில் பல பேர் அதை வைத்துத்தான் உள்ளே வந்திருக்கிறோம், உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வீட்டுக்கு ஒருத்தருக்குத்தான். அன்றைக்கு அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு என் தங்கச்சி கேட்டாள், "அப்ப எனக்குண்ணா?" அவள் அப்போது பத்தாவது. "நீ செகண்ட் கிராஜுவேட், உனக்கு ஒண்ணும் கிடையாது போ" என்று சொல்லிச் சிரித்தேன். போன வருஷம் வரைக்கும் அது எங்கள் வீட்டில் ஒரு ஜோக்.

முதல் வருஷம் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸில் நான் பட்ட பாடு என் பெஞ்சுக்குத் தெரியும். மினி டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவது மட்டும்தான் எனக்கு அந்தப் பாடத்தில் நன்றாக வந்தது. ஒரு ராத்திரி அறுகோணப் பட்டகத்து மேல் ஒரு கூம்பை உட்கார வைத்து ஐசோமெட்ரிக் போட வேண்டும். மூணு ஷீட் கிழித்துவிட்டேன். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தங்கச்சி எட்டிப் பார்த்து, "அண்ணா, மேல இருக்கறது சரியா உக்காரல, வழுக்கிட்டு விழுந்துரும்" என்றாள். கையைக் கழுவிவிட்டு வந்து ஸ்கேல்கூட இல்லாமல் காலண்டர் தாளின் பின்பக்கம் போட்டுக் காட்டினாள். அதைப் பார்த்துத்தான் வரைந்தேன். அந்த ஷீட்டுக்கு எனக்குப் பத்துக்கு ஒன்பது. (சார் இதைப் படித்தால் மன்னிக்கணும்.)

அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தினசரி காலண்டர் தாள் கிழிப்பது எங்கள் வீட்டில் அவள் உரிமை. ஞாயிற்றுக்கிழமைகளில் கமலாலயக் குளத்தங்கரையில் உட்கார்ந்து மலைக்கோட்டையை வரைவாள். கோட்டை முழுசையும் அல்ல. பாறை எங்கே முடிகிறது, சுவர் எங்கே ஆரம்பிக்கிறது, அந்தக் கோட்டை மட்டும் திரும்பத் திரும்ப. எங்க அம்மா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கி அடுக்குகிற வேலை. நசுங்கிப்போன முட்டை அட்டைகளை எடுத்து வருவார். முப்பது குழி இருக்கிற அந்த அட்டையை வெட்டி, மடித்து, அரிசிக் கஞ்சி தடவி ஒட்டி, தங்கச்சி வீடு கட்டுவாள். பீரோ மேல் ஒரு சின்ன ஊரே இருக்கிறது.

அப்பா லாரி பாடி பட்டறையில் மர வேலை. நாமக்கல்லில் இது என்ன வேலை என்று விளக்கத் தேவையில்லை. வெளியூர் நண்பர்களுக்காக: கம்பெனியில் இருந்து சேசிஸ் எலும்புக்கூடாக வரும். அதற்குக் கேபின், பாடி எல்லாம் இங்கே கட்டி, பெயின்ட் அடித்து, கண்ணு வைத்து அனுப்புவார்கள். அப்பா பேப்பரில் வரைய மாட்டார். பட்டறைத் தரையில் சாக்பீஸால் முழு அளவில் கோடு போடுவார். அடி, இஞ்சு, நூல் என்றுதான் கணக்கு. ஒரு நூல் தப்பினால் கதவு உட்காராது. நான் சிவில் மூணாம் வருஷம், எனக்கு மில்லிமீட்டரே தப்புகிறது.

இரும்பு வந்த பிறகு மர வேலை குறைந்துவிட்டது. இப்போது கம்பெனியே கேபினோடு அனுப்புவதும் அதிகம். அக்டோபர் 2025-ல் இருந்து தயாராகும் கனரக லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம் என்று சட்டமே வந்துவிட்டது. டிரைவர்களுக்கு நல்லதுதான், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் அப்பாவுக்கு வாரத்தில் மூணு நாள், நாலு நாள் வேலை என்று ஆகிவிட்டது. சனிக்கிழமை கூலி, செவ்வாய்க்கிழமை குழு லோன். நடுவில் இருக்கிற ஞாயிறும் திங்களும்தான் எங்கள் வீட்டில் பணம் தங்குகிற நாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் இருப்பது லைன் வீடு. ஆறு வீடு வரிசையாக, எல்லாம் மேற்குப் பார்த்த வாசல், சிமெண்ட் ஷீட் கூரை. பின்பக்கம் அடுத்த லைன் வீட்டின் சுவர், அதனால் அந்தப் பக்கம் ஜன்னலே கிடையாது. ஏப்ரல், மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வெயில் நேராக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ராத்திரி பதினொரு மணிக்குச் சுவரைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி இருக்கும். போன வருஷம் மே மாதம் தங்கச்சி அம்மாவுக்குச் சாப்பாடு கொடுக்கப் பண்ணைக்குப் போனாள். திரும்பி வந்து என்னிடம் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

"ஏண்ணா, கோழி ஷெட்டெல்லாம் ஏன் ஒரே திசையில இருக்குது?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் பஸ் ஜன்னலில் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன், ஒரு நாளும் தோன்றவில்லை. தேடிப் பார்த்தபோதுதான் புரிந்தது. நம் பக்கத்துப் பண்ணை ஷெட்டுகளை நீளவாக்கில் கிழக்கு மேற்காகப் போடுவார்கள். சூரியன் குறுகலான இரண்டு முனைகளில்தான் அடிக்கும். நீளமான பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்த்து, சுவர் இல்லாமல் வலையோடு திறந்திருக்கும். அகலத்தைக் கூட்ட மாட்டார்கள், கூட்டினால் காற்று நடுவரைக்கும் போகாது. கூரை உச்சியில் சூடு வெளியேற இடைவெளி. கோடையில் கூரை மேல் தென்னங்கீற்று, தண்ணீர் தெளிப்பான். வெயில் நாற்பது டிகிரியைத் தொட்டால் கோழி சாகும், முட்டை குறையும், நஷ்டம். அதனால் யோசித்துக் கட்டுகிறார்கள்.

நான் சொல்லி முடித்ததும் அவள் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "கோழிக்கு ஒருத்தன் உக்காந்து யோசிச்சிருக்கான். லாரிக்கு ஏ.சி. நமக்கு யாருண்ணா யோசிச்சாங்க?" என்றாள்.

"அதுக்குப் பேரு ஆர்க்கிடெக்ட்" என்று நான்தான் சொன்னேன். சும்மா இருந்திருக்கலாம்.

ஆகஸ்டில் அவள் எல்லா விவரத்தோடும் வந்து நின்றாள். பி.ஆர்க் அஞ்சு வருஷம். பிளஸ் டூவில் கணக்கு இருக்க வேண்டும், இருக்கிறது. ஆர்க்கிடெக்சர் கவுன்சில் நடத்துகிற நாட்டா தேர்வு எழுத வேண்டும். மொத்தம் 200 மார்க், அதில் 80 கையால் வரைவதற்கும் செய்வதற்கும், 120 கம்ப்யூட்டரில். பிளஸ் டூ மார்க்கை 200-க்கு மாற்றி இதோடு கூட்டி 400-க்கு ரேங்க். அவள் ஆசை கிண்டி, அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பள்ளி.

அப்பாவின் முதல் பதில், "அஞ்சு வருசமா? உன்ற அண்ணன் நாலு வருசத்துக்கே நான் முக்கிக்கிட்டு இருக்கறனே அம்மிணி." அம்மா, "படம் வரைஞ்சு சோறு திங்க முடியுமா கண்ணு?" நம் ஊர் நாமக்கல் கவிஞரே முதலில் ஓவியர்தான் என்று எடுத்துவிட்டேன். "அவரு கவிஞர்டா" என்று அப்பா முடித்துவிட்டார்.

உண்மையைச் சொல்லணும் என்றால் எனக்கும் உள்ளுக்குள் எரிச்சல். சிவில் முடித்துவிட்டு எம்.பிளான் படிக்கலாம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். கேட் புத்தகம்கூட ஒரு சீனியரிடம் வாங்கி வைத்தாயிற்று. ஒரே வீட்டில் இரண்டு பேர் படித்துக்கொண்டிருக்க முடியாது. இரண்டு நாள் அவளிடம் சரியாகப் பேசவில்லை. அவள் கட்டிய முட்டை அட்டை வீடு ஒன்றைப் பீரோ மேல் இருந்து எடுக்கும்போது தட்டிவிட்டேன். தெரியாமல்தான். அப்படித்தான் அன்றைக்கும் சொன்னேன்.

மனசு மாறக் காரணம் பெரிய ஞானோதயம் இல்லை, ஒரு விண்ணப்பப் படிவம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு பற்றிப் படித்தேன். 2020-ல் மருத்துவத்துக்கு வந்தது, 2021-ல் மற்ற தொழிற்படிப்புகளுக்கும் நீட்டித்தார்கள். ஆறாவதில் இருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நான் ஆறு, ஏழு, எட்டு ஒரு இங்கிலீஷ் மீடியம் தனியார் பள்ளியில். ஃபீஸ் கட்ட முடியாமல் ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு வந்தவன். பையன் என்பதற்காக அப்பா எனக்குக் கடன் வாங்கிக் கட்டினார். பொண்ணுதானே என்று அவளை முதலில் இருந்தே அரசுப் பள்ளியில் விட்டார். கடன் வாங்கிக் கட்டிய அந்த மூணு வருஷம்தான் என்னை அந்த ஒதுக்கீட்டுக்கு வெளியே நிறுத்தியது. அவளுக்கு அது இருக்கிறது. எனக்கு நடந்தது நல்லதா கெட்டதா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணப் பிரச்சனை தீர்ந்தது. அரசு கல்லூரிப் பெண்களுக்குக் கொடுக்கும் மாசம் ஆயிரம் ரூபாய், புதுமைப் பெண் திட்டத்தில் வரும். ஆனால் ஷீட், பேனா, கட்டர், மாடல் அட்டை, சென்னைக்குப் போக வர என்று கையை விட்டுப் போகிற பணத்துக்கு எந்த ஒதுக்கீடும் இல்லை. அதுக்கு ஒரு சம்பளம் வேண்டும். கேட் புத்தகத்தைச் சீனியரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு பிளேஸ்மென்ட் டிரெயினிங்கில் முதல் வரிசைக்கு வந்தது அதனால்தான். ஏன்டா திடீர்னு படிப்ஸ் ஆயிட்டே என்று கேட்டவர்களுக்குப் பதில் இது.

அப்பாவை நான் மாற்றவில்லை. மாற்றியது பிரான்சிஸ் கெரே. மேற்கு ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோ என்ற நாட்டில் காண்டோ என்கிற குக்கிராமத்துக்காரர். ஊரில் பள்ளிக்கூடமே கிடையாது. தச்சு வேலை கற்றவர். அந்த வேலைக்கான பயிற்சிக்குத்தான் உதவித்தொகையில் ஜெர்மனி போனார். அங்கே ராத்திரிப் பள்ளியில் படித்து, பெர்லினில் ஆர்க்கிடெக்சர் சேர்ந்தார். படிப்பு முடியும் முன்னாலேயே பணம் திரட்டித் தன் ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டினார், 2001-ல். 2022-ல் பிரிட்ஸ்கர் பரிசு, அந்தத் துறையில் நோபல் மாதிரி. ஆப்பிரிக்காவில் இருந்து முதல் ஆள்.

இதையெல்லாம் அப்பா "உம்" கொட்டித்தான் கேட்டார். பள்ளிக்கூடத்துப் படத்தை மொபைலில் பெரிதாக்கிக் காட்டினேன். மண் கல்லால் சுவர். அதற்கு மேல் கல்லாலேயே ஒரு தளம், நடுநடுவே காற்றுப் போக இடைவெளி. தகரக் கூரை அதைத் தொடாமல் மேலே தூக்கி நிற்கிறது, நடுவில் காற்று ஓடுகிறது. தூக்கி நிறுத்துவது மெல்லிய கம்பிகளை வெல்டிங் வைத்த டிரஸ். அப்பா மொபைலைப் பிடுங்கிக்கொண்டார்.

"இது ராடு தானடா? ராடை வளைச்சு வெல்டு வச்சிருக்கான். கிரேன் வேண்டாம், நாலு பேரு தூக்கிரலாம். இவன் ஆசாரியா?"

"ஆமாப்பா."

"அதான பாத்தேன்" என்றார். ரொம்ப நேரம் அந்த டிரஸ்ஸை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோச்சிங் சேர்க்கப் பணமில்லை. பழைய கேள்விகளை நான் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன், என்னுடைய ஹிஞ்ச் உடைந்த லேப்டாப்பில் மாடல் டெஸ்ட் எழுதினாள். வரைகிற பகுதிக்குப் பட்டறைதான் கோச்சிங். கொடுக்கிற பொருளை வைத்து நிற்கிற மாதிரி ஒன்றைச் செய்யும் கேள்வி ஒன்று உண்டு. அப்பா துண்டு ரீப்பரும் வயரும் கொடுத்து, "ஆணி, பசை இல்லாம நிக்க வை பாக்கலாம்" என்று டெஸ்ட் வைத்தார். முதல் வாரம் எல்லாம் விழுந்தது.

தேர்வு சேலத்தில். அன்றைக்கு வேலை இருந்தும் அப்பா லீவு போட்டு எங்களோடு பஸ் ஏறினார். என் தேர்வு எதற்கும் அவர் வந்ததில்லை. வெளியே வேப்ப மரத்தடியில் நின்றோம், உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. அவள் வெளியே வந்ததும் எல்லா அப்பாக்களும் எத்தனை மார்க் வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவர், "நின்னுச்சா?" என்றார்.

"நின்னுச்சுப்பா. கொஞ்சம் சாஞ்சாப்ல."

"எத்தன நூலு?"

இதை எழுதும்போது கவுன்சிலிங் தேதி வரவில்லை. கிண்டி கிடைக்குமா, வேறு ஊரா, ஒதுக்கீட்டில் எத்தனையாவது ஆளாக நிற்பாள், எதுவும் தெரியாது. அவளை ஆர்க்கிடெக்ட் என்று கூப்பிட 1972-ம் வருஷத்துச் சட்டப்படி அஞ்சு வருஷப் படிப்பும் கவுன்சில் பதிவும் வேண்டும். அதற்கு முன்னால் யாரும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா பட்டறையில் கழித்துப்போட்ட ராடு துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தார். வீட்டுக்காரரிடம் பேசியாயிற்று, ஷீட்டில் ஓட்டை போடக் கூடாது என்ற கண்டிஷனோடு சரி என்றார். வாசல் சிமெண்டில் தங்கச்சி சாக்பீஸால் முழு அளவில் கோடு போட்டாள், அப்பா நூல் பிடித்துச் சரிபார்த்தார். ஷீட்டுக்கு மேலே ஒன்றேகால் அடி இடைவெளி விட்டுத் தென்னந்தடுக்கு, மேற்குப் பக்கம் வாசலைத் தாண்டி மூணடி நீட்டி. பாதி முடிந்திருக்கிறது. இன்னும் பதினாலு தடுக்கு வேண்டும், அம்மா பண்ணையில் கேட்டிருக்கிறார்.