பால்வாடி ரிஜிஸ்டரில் பாதி இந்தியா!

ஒரகடம்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கேம்பஸ் இன்டர்வியூ, கார் கம்பெனி, ஷிப்ட் பஸ்... எனக்கு எங்க ஊர் பால்வாடிதான்! அத்தை அங்கே உதவியாளர். காலேஜ் லீவுன்னா கூடமாட ஒத்தாசைக்குப் போவேன். அப்படியே வருகைப் பதிவேட்டைப் புரட்டுற பழக்கமும் வந்துடுச்சு.

முன்னெல்லாம் அதுல உள்ளூர்ப் பிள்ளைங்க பேர் மட்டும்தான். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவர ஆரம்பிச்சது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ - நிஸான். கையில காசு புழங்கின வீட்டுப் பிள்ளைங்க வேன் ஏறி நர்சரிக்குப் போயிட்டாங்க. அரசும் 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கிப் பார்த்தது. எங்க ஊர்ல காலியான இடத்துக்கு வந்தது பீகார், ஒடிசா பிள்ளைங்க!

பேர் எழுதவே அத்தை திணறுவாங்க. ஆனா பசங்க படு சுட்டி. மூணே மாசத்துல, 'அத்தை, முட்டை'ன்னு தமிழ்ல கேட்டு வாங்கிடும். அதுக்குள்ள அப்பாவோட கான்ட்ராக்ட் முடியும், குடும்பம் கிளம்பிடும், வேற குடும்பம் வரும். பதிவேட்டுல தலை எண்ணிக்கை மாறாது, தலைகள்தான் மாறும்!

இதெல்லாம் வந்து சேர்ந்த பிள்ளைங்க கதை. சேராத பிள்ளைங்க? அப்பா, அம்மா ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா, லைன் வீட்டுல 3 வயசுத் தம்பியைப் பார்த்துக்கறது 9 வயசு அக்கா. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயசு வரைக்கும்தான். அக்காவுக்குப் பள்ளிக்கூடம் உரிமை. தம்பிக்கு அந்த உரிமை இல்லை. தம்பி வீட்டுல இருந்தா, அக்காவோட உரிமையும் வீட்டுலயே உட்கார்ந்துடுது. பால்வாடியில ஒரு பேர் விட்டுப்போனா, பள்ளிக்கூடத்துல இன்னொரு பேர் விட்டுப்போகுது பாஸ்!

என்.எஸ்.எஸ்.ல மரம் நடுறோம், பேரணி போறோம். ஒரு ஞாயித்துக்கிழமை லைன் வீடுகள் பக்கமும் போகலாமே? இந்தி தெரிஞ்ச ஃப்ரெண்டையும் கூட்டிக்கங்க. நம்ம வாயில 'பால்வாடி', அவங்களுக்கு 'ஆங்கன்வாடி'. 1975-ல் ஆரம்பிச்ச அதே மத்திய அரசுத் திட்டம்தான். சொன்னா சட்டுனு புரிஞ்சுக்குவாங்க. எந்தத் தெருவுல இருக்குன்னு மட்டும்தான் அவங்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியுமே!