வெள்ளை ஆக்சலாட்டலின் பூர்வீகம்

மீன்தொட்டிப் படங்களிலும் பொம்மைகளிலும் ஆக்சலாட்டல் என்ற நீர்ப்பிராணி பெரும்பாலும் வெள்ளை. ரோஜா நிறச் செவுள், மை தீட்டியதுபோல் கறுத்த கண். ஆனால் மெக்சிகோ நகரின் தெற்கே, சோச்சிமில்கோ ஏரியின் மிச்சமான கால்வாய்களில் வாழும் அசல் பிராணிக்குச் சேற்று நிறம். இந்த வெள்ளை எங்கிருந்து வந்தது என்று தேடப் போனேன்.

போய் நின்ற இடம் பாரிஸ். மூன்றாம் நெப்போலியனின் படை மெக்சிகோவில் போரிட்டுக்கொண்டிருந்த காலத்தில் 34 ஆக்சலாட்டல்கள் அங்கிருந்து பாரிஸுக்கு வந்தன. வெள்ளையும் அந்தக் கூட்டத்தோடு வந்ததுதான். 1864இல் ஆறு மட்டும் விலங்கியலாளர் அகுஸ்த் துமெரில் கைக்குப் போயின: ஐந்து ஆண், ஒரே ஒரு பெண்.

மறு ஆண்டு அந்தப் பெண் முட்டையிட்டது. குஞ்சுகள் வளர்ந்தன. பிறகு அவற்றில் சிலவற்றுக்குச் செவுள் சுருங்கியது, வால் துடுப்பு மறைந்தது, உடலில் மஞ்சள் புள்ளிகள் எழுந்தன. நிலத்தில் வாழும் சாலமாண்டர்களாகவே மாறிவிட்டன. பெற்றோரோ அதே தண்ணீரில், அதே செவுளோடு! பயண ஆய்வாளர் ஹம்போல்ட் கொண்டுவந்த மாதிரிகளைப் பார்த்து, இது ஏதோ சாலமாண்டரின் இளம் பருவம் என்று பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே முன்பே ஊகித்திருந்தார். ஊகம் சரி. ஆனால் அந்த இளம் பருவத்திலேயே அது முட்டையிட்டுப் பேரன் பேத்தி எடுத்துவிடும் என்பதை யார் எதிர்பார்த்தார்கள்? இளம் பருவத்திலேயே நின்றுவிடக் காரணம் தைராய்டு. உருமாற்றத்துக்கு வேண்டிய அளவு அந்த ஹார்மோன் இதன் உடலில் பொதுவாகச் சுரப்பதில்லை. 1920இல் உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி மாட்டுத் தைராய்டை ஊட்டியே ஆக்சலாட்டலைக் கரையேற்றினார்.

துமெரில் கஞ்சர் அல்லர். கேட்ட ஆய்வாளர்களுக்கெல்லாம் குஞ்சுகளைக் கொடுத்தார். அப்படித்தான் ஐரோப்பிய ஆய்வகங்களில் வெள்ளையும் பரவியது. அதன் நிறமிச் செல்கள் கருவிலேயே உடல் முழுக்கப் பரவாமல் நின்றுவிடுகின்றன. கண்ணின் கறுமை வேறு வழியில் உண்டாவதால் தப்பிக்கிறது. கருவியலாளர்களுக்கு இது வசதி. கறுப்புக் கருவின் திசுவை வெள்ளைக் கருவில் ஒட்டினால், அது எங்கே போகிறது என்று கண்ணாலேயே தொடரலாம்.

சிவந்த கண்ணுள்ள வெள்ளையின் கதை வேறு. 1960களில் ரூஃபஸ் ஹம்ப்ரி என்ற அமெரிக்க ஆய்வாளர், புலி சாலமாண்டர் என்ற வேறு இனத்தில் நிறமியே இல்லாத ஒன்றோடு ஆக்சலாட்டலைக் கலந்து உண்டாக்கிய வம்சம் அது. ஆக, மீன்தொட்டியில் நீந்துவது முழு மெக்சிகோக்காரர் என்று சத்தியம் செய்ய முடியாது.

பூர்வீகத்தில் நிலைமை மோசம். சோச்சிமில்கோவில் 1998இல் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தவை, 2014 கணக்கெடுப்பில் 36. கழிவுநீர் ஒரு பக்கம். உணவுக்கென்று ஏரியில் விடப்பட்ட கெண்டையும் திலேப்பியாவும் மறுபக்கம். தொட்டிகளில் கொழிப்பதை அள்ளிப் போய் அங்கே விட்டுவிடவும் வழியில்லை: அந்நியக் கலப்பும், சில மூதாதையரிடமிருந்தே பெருகிய குறுகிய வம்சமும், நோய்களும் கூடவே இறங்கும்.