7-3 என ஜெயித்தும் கோபம்! மக்காச்சோள ஊரின் சனிக்கிழமைப் பஞ்சாயத்து

ஜெயித்தால் என்ன செய்வார்கள்? பட்டாசு வெடிப்பார்கள், ஸ்வீட் கொடுப்பார்கள், ஸ்டேட்டஸ் வைப்பார்கள். ஆனால், சொந்த அணி ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே அதைப் பார்த்து 'பூ...' என்று ஊளையிட்ட ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் நடுப்பகுதியில், மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே இருக்கும் அயோவா சிட்டிதான் அது!

சிகாகோவிலிருந்து மேற்கே காரில் கிளம்பினால் நான்கு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். வழி நெடுக மக்காச்சோளம், சோயா வயல்கள், தானியக் கிடங்குகள். அமெரிக்காவிலேயே அதிகம் மக்காச்சோளம் விளைவது அயோவா மாநிலத்தில்தான். 1857 வரை மாநிலத்தின் தலைநகராக இருந்ததும் இந்த ஊர்தான். தங்க நிறக் கும்மட்டத்தோடு நிற்கும் பழைய தலைமைச் செயலகக் கட்டடம் இன்று அயோவா பல்கலைக்கழக வளாகத்தின் நடுவில் அருங்காட்சியகமாக இருக்கிறது.

இலக்கியம் படிப்பவர்களுக்கு இந்த ஊர் இன்னொரு விதத்தில் பழக்கம். 2008-ல் யுனெஸ்கோ இதை 'இலக்கிய நகரம்' என்று அறிவித்தது. இங்குள்ள சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்காக 1973-ல் சென்னையிலிருந்து வந்து தங்கியவர் எழுத்தாளர் அசோகமித்திரன். அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் அவருடைய 'ஒற்றன்!'.

ஆனால் செப்டம்பர் முதல் நவம்பர் வரை, சனிக்கிழமைகளில் இங்கே யாரும் இலக்கியம் பேசுவதில்லை. ஒரே பேச்சுதான்: ஃபுட்பால்!

ஊர்தான் ஸ்டேடியம், ஸ்டேடியம்தான் ஊர்

இது நம்ம ஊர் கால்பந்து இல்லை. நீள்வட்டப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு, தலைக்கவசம் மாட்டிக்கொண்டு முட்டி மோதும் அமெரிக்கன் ஃபுட்பால். அயோவா மாநிலத்துக்கென்று பெரிய தொழில்முறை அணி எதுவும் கிடையாது. ஃபுட்பாலிலும் இல்லை, பேஸ்கட்பாலிலும் இல்லை, பேஸ்பாலிலும் இல்லை. அதனால் கல்லூரி அணிதான் மாநிலத்தின் பெரும்பகுதிக்கு 'நம்ம அணி'. அயோவா பல்கலைக்கழகத்தின் அந்த அணிக்குப் பெயர் ஹாக்ஐஸ். நிறம் கறுப்பும் தங்கமும்.

ஊரின் மக்கள்தொகை சுமார் 75 ஆயிரம். கின்னிக் ஸ்டேடியத்தின் இருக்கைகள் 69 ஆயிரத்துக்கும் மேல். மேட்ச் நாளில் ஊரே இரண்டு மடங்காகிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்!

விடிந்ததும் மெல்ரோஸ் அவென்யூ களைகட்டிவிடும். வீட்டு முன்புறப் புல்வெளிகள் அன்று வாடகை பார்க்கிங் ஆகின்றன. கார் டிக்கியைத் திறந்து, மடக்கு நாற்காலி போட்டு, அடுப்பு மூட்டி, பன்றி இறைச்சியும் சாஸேஜும் சுடுகிறார்கள். தாத்தா, அப்பா, பேத்தி என்று மூன்று தலைமுறையும் ஒரே நிற பனியனில் இருப்பார்கள். 'டெயில்கேட்' என்று இதற்குப் பெயர். நம்ம ஊர்க் குலதெய்வக் கோயிலுக்கு வேன் பிடித்துப் போய், மரத்தடியில் சமைத்துச் சாப்பிடுவதை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

ஸ்டேடியத்துக்குப் பெயர் கொடுத்த நைல் கின்னிக், 1939-ல் கல்லூரி ஃபுட்பாலின் உச்ச விருதான ஹைஸ்மன் டிராபியை வென்றவர். 1943-ல் கடற்படைப் பயிற்சியில் விமானம் கடலில் விழுந்து இறந்தபோது அவருக்கு 24 வயது. வாசலில் அவருக்குச் சிலை இருக்கிறது. வீரர்களின் தலைக்கவசத்தில் 'ஏஎன்எஃப்' என்று ஒரு சின்ன ஸ்டிக்கரைப் பார்க்கலாம். 'அமெரிக்காவுக்கு விவசாயிகள் தேவை' என்பதன் சுருக்கம் அது. 1980-களில் கடனில் மூழ்கி நிலங்களை இழந்துகொண்டிருந்த விவசாயிகளுக்காக, 1985-ல் அன்றைய பயிற்சியாளர் ஹேடன் ஃப்ரை ஒட்டவைத்தது. உளவியல் படித்த அவர் இன்னொரு குறும்பும் செய்தார். எதிரணியின் உடைமாற்றும் அறைக்கு இளஞ்சிவப்பு பெயின்ட் அடித்தார். அந்த நிறம் ஆவேசத்தைக் குறைக்குமாம். அந்த அறை இன்றும் இளஞ்சிவப்புதான்!

7 புள்ளி வந்த கதை

2022 செப்டம்பர் 3. சீசனின் முதல் மேட்ச். எதிரே சவுத் டகோட்டா ஸ்டேட். ஒரு படி கீழே உள்ள பிரிவைச் சேர்ந்த அணி. அயோவா எளிதாக ஜெயிக்கும் என்று எல்லோரும் வந்திருந்தார்கள். ஜெயித்தும்விட்டது. ஸ்கோர் 7-3.

ஃபுட்பால் தெரிந்தவர் இந்த ஸ்கோரை மட்டும் பார்த்தால், 'அயோவா ஒரு டச் டவுன் போட்டிருக்கிறது' என்றே நினைப்பார். எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் 6 புள்ளி, அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 1. மொத்தம் 7. ஆனால் அன்று அயோவா ஒரு டச் டவுன்கூட அடிக்கவில்லை. தூரத்திலிருந்து உதைத்த ஃபீல்டு கோல் ஒன்றுக்கு 3. மீதி 4 புள்ளியும் 'சேஃப்டி' என்ற அபூர்வ வழியில் வந்தவை. பந்தை வைத்திருக்கும் எதிரணி வீரரை அவருடைய சொந்த எல்லைக்குள்ளேயே மடக்கிவிட்டால் 2 புள்ளி. இதை இரண்டு முறை செய்தது அயோவாவின் தடுப்பு அணி!

அமெரிக்கன் ஃபுட்பாலில் ஓர் அணி என்பது உண்மையில் இரண்டு அணி. பந்து நம் கையில் இருக்கும்போது புள்ளி சேர்க்க இறங்குபவர்கள் 'அஃபென்ஸ்'. எதிரணியிடம் பந்து இருக்கும்போது மறிக்க இறங்குபவர்கள் 'டிஃபென்ஸ்'. கிரிக்கெட்டில் பேட்ஸ்மேன்கள் சொதப்பி 120-க்குச் சுருண்ட பிறகும், பவுலர்கள் 110-ல் எதிரணியை மடக்கி ஜெயிக்க வைப்பார்களே... அயோவாவில் அதுவே வாராவாரம் நடந்தது.

இன்னொரு கணக்கு. அஃபென்ஸுக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். மூன்று வாய்ப்பில் முடியவில்லை என்றால், பெரும்பாலும் நான்காவதில் பந்தை எதிரணிப் பக்கம் தூரமாக உதைத்துவிடுவார்கள். அதுதான் 'பன்ட்'. அதாவது, 'எங்களால் முடியவில்லை, நீங்கள் ஆடுங்கள்' என்று ஒப்புக்கொள்வது. அன்று அயோவா 10 முறை பன்ட் செய்தது. கூரை போட்ட ஸ்டேடியம் இல்லை என்பதால், ஊளைச் சத்தம் எங்கே வரை கேட்டதோ!

'ஜெயிச்சாச்சுல்ல?' அணியும், 'இது ஒரு ஜெயிப்பா?' அணியும்

மேட்ச் முடிந்தபிறகும் பார்க்கிங்கில் அடுப்புகள் அணைவதில்லை. பஞ்சாயத்து தொடங்குவதே அப்போதுதான். ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள்.

முதல் கட்சி, 'ஜெயித்தால் ஜெயித்ததுதான்' கட்சி. பெரும்பாலும் தலை நரைத்தவர்கள். அயோவா 1962-லிருந்து 1980 வரை ஒரு சீசனில்கூட தோல்விகளைவிட அதிக வெற்றி பெறாமல் தவித்த காலத்தைப் பார்த்தவர்கள். 'அழகாகத் தோற்பதைவிட அசிங்கமாக ஜெயிப்பது மேல். பட்டியலில் வெற்றி என்றுதானே எழுதுவார்கள்? எங்கள் மண்ணுக்கு இதுதான் பொருத்தம். பொறுமையாக இரு, தப்பு செய்யாதே, எதிராளி தப்பு செய்யும்வரை காத்திரு' என்பது அவர்கள் வாதம்.

இரண்டாவது கட்சிக்கு ரத்தம் கொதித்தது. 'நாட்டின் மிகச்சிறந்த டிஃபென்ஸ்களில் ஒன்று நம்மிடம் இருக்கிறது. அந்தப் பையன்கள் நான்கு வருடத்தில் படிப்பு முடிந்து போய்விடுவார்கள். அவர்கள் உடம்பை வருத்திக் காப்பாற்றுவதை வீணடிக்கலாமா? இன்று தப்பித்தோம், அடுத்த வாரம்?' என்றார்கள். அடுத்த வாரமே பதில் கிடைத்தது. அதே மைதானத்தில், மாநிலத்தின் இன்னொரு பெரிய அணியான அயோவா ஸ்டேட்டிடம் 10-7 என்று தோல்வி. போட்டி வீட்டாரிடம் தோற்ற வலி தனி!

அப்பா பயிற்சியாளர், பிள்ளை பொறுப்பாளர்

இந்தப் பஞ்சாயத்தைச் சிக்கலாக்கியது ஓர் உறவு. தலைமைப் பயிற்சியாளர் கிர்க் ஃபெரன்ட்ஸ், 1999 முதல் பொறுப்பில் இருப்பவர். ஊரே மதிக்கும் பெரியவர். அஃபென்ஸை வழிநடத்தியவர் அவருடைய மகன் பிரையன் ஃபெரன்ட்ஸ், 2017 முதல். உறவினர் விதி காரணமாக, மகன் அப்பாவுக்குக் கீழ் வரமாட்டார். விளையாட்டுத்துறை இயக்குநருக்கு நேரடியாகப் பதில் சொல்வார் என்பது ஏற்பாடு. மகனும் அதே அயோவா அணிக்காக ஆடியவர்தான். ஆனாலும் தோல்வியைத் திட்டினால் பிள்ளையைத் திட்டுவதாகும், பிள்ளையைத் திட்டினால் பெரியவர் மனம் நோகும். குடும்பத் தொழில் நடக்கும் எந்த ஊருக்கும் தெரிந்த சங்கடம்தானே இது!

2023 தொடக்கத்தில் பிரையனுக்கு ஒரு விசித்திரமான ஒப்பந்தம் வந்தது. சம்பளம் 9 லட்சம் டாலரிலிருந்து 8.5 லட்சமாகக் குறைப்பு. அணி குறைந்தது 7 மேட்ச் ஜெயிக்க வேண்டும், மேட்ச்சுக்குச் சராசரி 25 புள்ளி எடுக்க வேண்டும். எடுத்தால் வேலை தொடரும். 13 மேட்ச் என்றால் 325 புள்ளி. அவ்வளவுதான், மாநிலம் முழுக்கக் கால்குலேட்டரைக் கையில் எடுத்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஸ்கோரைவிட '325-க்கு இன்னும் எவ்வளவு?' என்பதுதான் கேள்வி.

கணக்கு நடுவிலேயே முடிந்துபோனது. அக்டோபரில் மின்னசோட்டாவிடம் 12-10 என்ற தோல்விக்குப் பின், அக்டோபர் 30 அன்று பல்கலைக்கழகம் அறிவித்தது: சீசனோடு பிரையன் விலகுவார். அப்போது அணி 8-ல் 6 வெற்றியோடு இருந்தது. ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே வேலை போனது!

அதன்பிறகும் அணி மாறவில்லை. நார்த்வெஸ்டர்னை 10-7, இலினாயை 15-13, நெப்ராஸ்காவை 13-10 என்று ஜெயித்தது. தன் பிரிவில் முதலிடம், மொத்தம் 10 வெற்றி. சராசரி? 15.4 புள்ளிதான். மேட்ச்சுக்குச் சராசரி யார்டு கணக்கில், முதல்நிலைப் பிரிவின் 133 அணிகளில் கடைசி இடம். பெரிய மேடை வந்தபோது பாச்சா பலிக்கவில்லை. மிச்சிகனிடம் 26-0, டென்னசியிடம் 35-0.

கைதட்டல் வாங்கிய உதைப்பாளர்

கவலையிலும் சிரிக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். பன்ட் உதைக்கும் டோரி டெய்லர் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னிலிருந்து வந்தவர். மற்ற ஊர்களில் பன்ட் என்றால் பாப்கார்ன் வாங்கப் போகும் நேரம். இங்கே அவர் மைதானத்தில் இறங்கினாலே ஆரவாரம். 'பன்ட் அடிப்பதே ஜெயிப்பது' என்ற பொருளில் பனியன் அச்சிட்டு விற்றார்கள். அந்தப் பணம், குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறப்பதைத் தடுக்க உழைக்கும் ஓர் அமைப்புக்குப் போனது. 2023-ல் 4,479 யார்டு உதைத்து, ஒரே சீசனில் அதிக பன்ட் தூரம் என்ற கல்லூரிச் சாதனையைப் படைத்தார் டெய்லர். அஃபென்ஸ் சொதப்பியதால்தான் இவருக்கு இத்தனை வாய்ப்பு. ஒருவர் தோல்வி, இன்னொருவர் சாதனை!

புள்ளிக்கான பசியைத் தீர்த்துவைத்ததும் ஒரு பெண்தான். அதே 2023 அக்டோபரில், கின்னிக் மைதானத்தில் தற்காலிகத் தளம் போட்டு நடந்த பெண்கள் பேஸ்கட்பால் ஆட்டத்துக்கு 55,646 பேர் வந்தார்கள். கெய்ட்லின் கிளார்க்கின் அயோவா 94 புள்ளி குவித்தது.

எல்லோரும் திரும்பும் அந்த ஒரு நிமிடம்

எவ்வளவு சண்டை இருந்தாலும், முதல் கால்பகுதி முடிந்ததும் ஸ்டேடியம் அமைதியாகத் திரும்புகிறது. மைதானத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது குழந்தைகள் மருத்துவமனை. அதன் 12-வது மாடிக் கண்ணாடி வழியே, சிகிச்சையில் இருக்கும் குழந்தைகள் மேட்ச் பார்க்கிறார்கள். ஸ்டேடியத்தில் உள்ள அனைவரும், இரண்டு அணி வீரர்களும், நடுவர்களும் அந்த மாடியை நோக்கிக் கையசைக்கிறார்கள். 2017-ல் ஒரு ரசிகர் ஃபேஸ்புக்கில் சொன்ன யோசனை. இன்று அமெரிக்கா முழுக்கத் தெரிந்த வழக்கம். ஸ்கோர் 3-3 ஆக இருந்தாலும் 0-0 ஆக இருந்தாலும் அந்தக் கைகள் மட்டும் தவறுவதில்லை.

2024-ல் புதிய அஃபென்ஸ் பொறுப்பாளர் டிம் லெஸ்டர் வந்தார். புள்ளிகள் கூடின. சராசரி 27-ஐத் தாண்டியது. ஓட்டக்காரர் கலெப் ஜான்சன் 1,537 யார்டு ஓடினார். பஞ்சாயத்து முடிந்திருக்க வேண்டும் அல்லவா? ஆனால் வெற்றி 10-லிருந்து 8 ஆகக் குறைந்தது. பார்க்கிங்கில் முதல் கட்சிக்காரர்களுக்கு மறுபடி பேச ஆள் கிடைத்துவிட்டது!

போக நினைப்பவர்களுக்கு: பக்கத்து விமான நிலையம் சீடர் ராபிட்ஸ், அங்கிருந்து காரில் அரை மணி நேரம். மேட்ச் நாளில் அறை கிடைப்பது கடினம், முன்பே பதிவு செய்யுங்கள். நவம்பர் என்றால் கம்பளிச் சட்டை அவசியம். மெல்ரோஸ் அவென்யூவில் யாராவது சாஸேஜை நீட்டினால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால், '7-3 ஜெயிப்பு சரியா, தப்பா?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால், இருட்டும்வரை அங்கேயே உட்கார வேண்டியிருக்கும்!